ஸ்லைடை பிடிஎஃப் ஆக்குவது: டெக்டேப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வருபவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, டீச்சர்கள் உண்டு, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டுபவர்களும் உண்டு. எல்லோரும் இப்போது ஸ்லைடை இணையத்திலேயே செய்து லிங்க்காக வைத்துக்கொள்கிறார்கள். லிங்க் இருந்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு கிராமத்துப் பள்ளியில், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பற்றிப் பேசப் போனோம். நெட் வரவே இல்லை. முப்பது பிள்ளைகள் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து எந்த ஸ்லைடாக இருந்தாலும் பிடிஎஃப் ஒன்று கையில் இல்லாமல் நான் கிளம்புவதில்லை, யாரையும் கிளம்ப விடுவதும் இல்லை. அதற்கு நான் பயன்படுத்துவது டெக்டேப். அதைப் பற்றி வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

டெக்டேப்னா என்ன சார், ஆப்பா, வெப்சைட்டா?

இரண்டும் இல்லை. கட்டளை அடித்து ஓட்டும் ஒரு சின்ன நிரல். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஸ்லைடின் முகவரியைக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஒரு குரோமியம் பிரவுசரைத் திறந்து, ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளி, ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக எடுத்து, கடைசியில் எல்லாப் பக்கத்தையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும். நீங்கள் உட்கார்ந்து நாற்பது தடவை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் வேலையை அது செய்கிறது. ஒரு பெரிய வித்தியாசம், எழுத்து எழுத்தாகவே இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, ஸ்லைடில் இருக்கும் லிங்க்கும் பிடிஎஃபில் வேலை செய்யும்.

நான் கூகுள் ஸ்லைட்ஸ்லதான் பண்றேன், எனக்கும் இது வேணுமா?

வேண்டாம். கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வா, பவர்பாயிண்ட் எல்லாவற்றிலும் பிடிஎஃப் ஆக இறக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், அதுதான் நன்றாகவும் வரும். ரிவீல் ஜேஎஸ், ரிமார்க், இம்ப்ரெஸ் ஜேஎஸ், ஷவர் மாதிரி, வலைப்பக்கமாகவே எழுதப்படும் ஸ்லைடுகளுக்குத்தான் டெக்டேப். முகவரியைத் திறந்ததும் பிரவுசரிலேயே ஸ்லைடு ஓடுகிறது, ஆனால் 'டவுன்லோடு' என்று ஒரு பட்டனும் கண்ணில் படவில்லை என்றால் பெரும்பாலும் அது இந்த ஜாதிதான்.

கன்ட்ரோல் பி கொடுத்தா பிரிண்ட் வந்துருமே, அது போதாதா?

பல நேரம் ஒரே ஒரு ஸ்லைடுதான் வரும், அல்லது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும். ரிவீல் ஜேஎஸ்ஸில் மட்டும் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் 'பிரிண்ட்-பிடிஎஃப்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்துத் திறந்தால் அச்சுக்கென்று அடுக்கிய வடிவம் வரும். குரோமில் பின்னணி நிறத்தை டிக் செய்து, ஓரத்தைப் பூஜ்யமாக்கி சேமிக்கலாம். ஒரே ஒரு ஸ்லைடு தொகுப்புதான், ஒரே ஒரு தடவைதான் என்றால் அதுவே போதும்.

கறுப்புத் திரையில அடிக்கணும்னாலே பயமா இருக்கு. எப்படி அடிக்கணும்னு சொல்லுங்கண்ணே.

ஒரே ஒரு வரிதான். கட்டளையும் வகையின் பெயரும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், முகவரி மட்டும் உள்ளது உள்ளபடியே. முதலில் 'டெக்டேப்', இடைவெளி, அப்புறம் ஸ்லைடு எந்த வகை என்ற பெயர் (உதாரணமாக 'ரிவீல்'), இடைவெளி, ஸ்லைடின் முழு முகவரி, இடைவெளி, கடைசியில் பிடிஎஃபுக்கு நீங்கள் வைக்கும் பெயர். என்டர் தட்டினால் எத்தனையாவது ஸ்லைடு ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டே போகும். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமானால், பக்கத்தின் அளவு, காத்திருக்கும் நேரம் இப்படி, இரண்டு சிறுகோடு போட்டு அந்தப் பெயரை எழுதி மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

இரண்டு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முகவரியை எப்போதும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், ஏனென்றால் முகவரிக்குள் கேள்விக்குறியோ 'அண்ட்' குறியோ இருந்தால் கட்டளைத் திரை அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும். பிடிஎஃபின் பெயரில் இடைவெளி விடாதீர்கள். வருகிற பத்துப் புகாரில் நாலு இந்த இரண்டில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கிறது. தப்பாக அடித்தாலும் உங்கள் ஸ்லைடுக்கு ஒன்றும் ஆகாது. டெக்டேப் ஸ்லைடைப் படிக்க மட்டும்தான் செய்யும், அதில் எதையும் மாற்றாது.

இன்ஸ்டால் பண்ணப் போனா பவர்ஷெல்ல சிவப்பு எழுத்தா வந்து நிக்குது.

முதலில் நோட் ஜேஎஸ் போட வேண்டும், டெக்டேப் ஓடுவதற்கு அடியில் இருக்க வேண்டிய மென்பொருள் அது. அதோடு என்பிஎம் என்ற நிறுவும் கருவியும் வந்துவிடும். பிறகு அதைக்கொண்டு டெக்டேப்பை 'குளோபல்' ஆக, அதாவது எந்த ஃபோல்டரிலிருந்தும் ஓடும்படி, நிறுவ வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல்லில், ஸ்கிரிப்ட் ஓட்டுவது இந்தக் கம்ப்யூட்டரில் தடை செய்யப்பட்டிருக்கிறது என்ற பொருளில் சிவப்பு எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம், பவர்ஷெல்லை மூடிவிட்டு பழைய 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து அதே வரியை அடியுங்கள், போய்விடும்.

நிறுவும்போது அதற்கென்று ஒரு குரோமியம் பிரவுசரையும் சேர்த்து இறக்கும். அது நூறு எம்பிக்கு மேல் வரும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் நிறுவுகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் ஷட்டவுன் என்று அறிவித்த நாளில் ஆரம்பிக்கவும் வேண்டாம். இன்னொன்று, ஃபேன்டம் ஜேஎஸ் என்ற பழைய மறைவுப் பிரவுசரைப் போடச் சொல்லும் குறிப்பு எங்காவது கண்ணில் பட்டால் அது பழசு. ஃபேன்டம் ஜேஎஸ் வளர்ச்சியே 2018இல் நின்றுபோனது. டெக்டேப் அதற்கு முன்பே குரோமுக்கு மாறிவிட்டது.

ஓடி முடிஞ்சுதுன்னு சொல்லுது, ஆனா பிடிஎஃப் எங்கன்னே தெரியல.

கட்டளைத் திரை எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அங்கேதான் சேமித்திருக்கும். விண்டோஸில் அது பெரும்பாலும் சி டிரைவில் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டர். டெஸ்க்டாப்பில் வேண்டுமென்றால் முதலில் அங்கே போய்விட்டு கட்டளையை அடியுங்கள்.

இது ரிவீலா ரிமார்க்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரோ பண்ணிக் கொடுத்த ஸ்லைடு.

வகையின் பெயரையே விட்டுவிடுங்கள். டெக்டேப் தானாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலும். எதுவும் பிடிபடவில்லை என்றால் 'ஜெனரிக்' என்ற பொது வழிக்குப் போகும். அது வலது அம்புக்குறியைத் தட்டும், பக்கத்தில் ஏதாவது மாறியதா என்று பார்க்கும், மாறியிருந்தால் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு மறுபடி தட்டும். நாம் கையால் செய்வதையேதான் செய்கிறது. எந்த ஸ்லைடுக்கும் ஓரளவு வேலை செய்யும், ஆனால் அதற்கென்று சில தொல்லைகளும் உண்டு. அடுத்த மூன்று கேள்வியும் இதைத் தொட்டவைதான்.

கீழ்ப்பக்கமா போற ஸ்லைடெல்லாம் காணோம். இருபத்தெட்டுல பதினொண்ணுதான் வந்திருக்கு.

இதைக் கேட்டவர் செட்டிநாட்டு வீட்டைப் பற்றி ஸ்லைடு செய்திருந்தார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒவ்வொன்றும் பக்கவாட்டில் ஒரு ஸ்லைடு. வளவில் இருந்து கீழே போனால் தேக்குத் தூண், முற்றம், பத்தி என்று அதற்குள் இன்னும் சில. ரிவீல் ஜேஎஸ்ஸில் இப்படிச் செய்யலாம், அழகான ஏற்பாடு. ஆனால் ஜெனரிக் வழி வலது அம்பை மட்டும் தட்டுவதால் முகப்பிலிருந்து நேராக வளவு, அங்கிருந்து நேராக இரண்டாம் கட்டு என்று ஓடிவிட்டது, எந்த அறைக்குள்ளும் இறங்கவில்லை.

தீர்வு இரண்டு. வகையின் பெயரை 'ரிவீல்' என்று நீங்களே எழுதுங்கள், அது கீழே இருப்பதையும் சேர்த்து வரிசையாகப் போகும். அது ஒத்துவரவில்லை என்றால் ஜெனரிக்கையே வைத்துக்கொண்டு, 'கீ' என்ற விருப்பத்தில் அம்புக்குப் பதிலாக 'ஸ்பேஸ்' கொடுங்கள். ரிவீலில் ஸ்பேஸ் தட்டினால் கீழே இருப்பதை முடித்துவிட்டுத்தான் பக்கத்துக்குப் போகும். எப்படியானாலும், எத்தனை ஸ்லைடு இருக்கிறது என்று முதலில் கையால் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் வந்ததும் பக்க எண்ணிக்கையை ஒப்பிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு வரியா வர்ற மாதிரி வச்சிருக்கேன், பிடிஎஃப்ல எல்லா வரியும் ஒண்ணா வந்துருது. விடை முதல்லயே தெரிஞ்சுருதே!

ஒரு கணக்கு டீச்சர் கேட்டது, நியாயமான கவலை. ரிவீல் என்று பெயர் கொடுத்து ஓட்டினால் படிப்படியாக வருபவற்றை எல்லாம் ஒரே பக்கத்தில் விரித்துக் கொடுத்துவிடும். படிக்கக் கொடுக்கும் பிரதிக்கு அதுதான் நல்லது, தாளும் மிச்சம். வகுப்பில் ஓட்டிக் காட்டுவதற்கு என்றால் ஜெனரிக்கும் ஸ்பேஸும் (முந்தைய பதில்) கொடுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பக்கம் என்று வரும். பன்னிரண்டு ஸ்லைடு நாற்பது பக்கம் ஆகும், ஆனால் கேள்வி ஒரு பக்கத்திலும் விடை அடுத்த பக்கத்திலும் இருக்கும். நான் இரண்டு பிரதியும் எடுத்து வேறு வேறு பெயரில் வைக்கச் சொல்கிறேன்.

அரை மணி நேரமா ஓடுது, நிக்கவே மாட்டேங்குது.

ஜெனரிக்கில்தான் இது நடக்கும். கடைசி ஸ்லைடு முடிந்து மறுபடி முதலுக்குத் திரும்பும்படி வைத்திருப்பார்கள், அல்லது மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஏதோ மாறிக்கொண்டே இருப்பதால் இன்னும் ஸ்லைடு இருக்கிறது என்று அதுவும் தட்டிக்கொண்டே இருக்கும். 'மேக்ஸ்-ஸ்லைட்ஸ்' விருப்பத்தில் நீங்கள் எண்ணி வைத்த எண்ணைக் கொடுத்தால் அங்கே நிற்கும்.

தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது. இங்கிலீஷ் மட்டும் சரியா இருக்கு.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் மனசு வெறுத்துப் போவதும் இதில்தான். கட்டம் வருகிறது என்றால், பிடிஎஃப் எடுத்த கம்ப்யூட்டரில் அந்த நேரத்தில் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸில் நிர்மலா என்ற எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் கட்டம் வருவது அபூர்வம். லினக்ஸிலும், டாக்கர் வழியாக ஓட்டும்போதும்தான் வரும். டாக்கர் என்பது ஒரு நிரலை அதற்குத் தேவையானவற்றோடு தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் முறை, தனக்கென்று தனி உலகம், உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை தமிழ் எழுத்துரு இருந்தாலும் அதன் உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது. லினக்ஸ் என்றால் நோட்டோ தமிழ், லோகித் தமிழ் என்ற எழுத்துருக்களில் ஒன்றை நிறுவுங்கள். டாக்கர் என்றால், பழக்கம் இல்லாதவர்கள் அதை விட்டுவிட்டு நேரடியாக நிறுவிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

கட்டம் இல்லாமல், எழுத்து வேறு முகத்தில் வருகிறதா? அது வேறு காரணம். ஸ்லைடு ஏதோ ஒரு அழகான எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்குகிறது, அது வந்து சேர்வதற்குள் டெக்டேப் முதல் பக்கத்தை எடுத்துவிட்டது. 'லோடு-பாஸ்' என்ற விருப்பம், பக்கம் திறந்த பிறகு ஆரம்பிக்கும் முன் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று சொல்வது. மில்லிசெகண்டில் கொடுக்க வேண்டும். நம் ஊர் நெட்டுக்கு நான் 5000 கொடுக்கிறேன், அதாவது ஐந்து நொடி. பிடிஎஃபுக்குள் எழுத்துரு பதிந்துவிட்டால் அப்புறம் எந்த போனில் திறந்தாலும் அப்படியே இருக்கும், ஆகவே எடுக்கும்போது ஒரு தடவை சரியாக எடுத்தால் போதும்.

போட்டோ பாதி ஸ்லைடுல வெள்ளையா இருக்கு.

அதே கதைதான், படத்துக்கு. டெக்டேப் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் சாதாரணமாக ஒரு நொடி காத்திருக்கும். பிள்ளையார்பட்டி கோபுரத்தைப் பெரிய கேமராவில் எடுத்து, எட்டு எம்பி போட்டோவை அப்படியே ஏற்றி வைத்திருந்தால் ஒரு நொடியில் வராது. 'பாஸ்' விருப்பத்தில் 3000 கொடுத்துப் பாருங்கள். வரைபடம் மெதுவாக வளர்ந்து வரும்படி செய்திருந்தாலும் இதே மருந்துதான், இல்லாவிட்டால் பாதி வளர்ந்த நிலையில் பிடித்துவிடும்.

பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா காப்பி பண்ணி வேர்டுல போட்டா எழுத்து புரண்டு வருது.

இதில் டெக்டேப் மேல் தப்பு இல்லை. பிடிஎஃப் எழுத்தின் உருவத்தையும் அது நிற்கும் இடத்தையும்தான் முக்கியமாக வைத்திருக்கிறது. தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் கம்ப்யூட்டர்கள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. 'கொ' என்றால் க நடுவில், இரண்டு பக்கமும் குறி. பிடிஎஃபிலிருந்து திரும்ப எடுக்கும்போது சில மென்பொருள் கண்ணால் பார்த்த வரிசையிலேயே எடுத்துவிடுவதால் கொம்பு இடம் மாறி, கால் தனியாகப் போய் விழுகிறது. வேறு பிடிஎஃப் மென்பொருளில் திறந்து காப்பி செய்து பார்க்கலாம், சில நேரம் சரியாக வரும். எழுத்து வேண்டும் என்றால் மூல ஸ்லைடிலிருந்தே எடுங்கள்.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த ஸ்லைடு என்றால் காப்பி செய்ததும் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். அது ஆரம்பத்திலேயே அப்படி அடிக்கப்பட்டதுதான். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மறுபடி எடுப்பது ஒன்றே வழி. கொஞ்சம் வேலைதான், ஆனால் செய்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பிடிஎஃபில் யாரோ ஒரு ஊர்ப் பெயரைத் தேடும்போது கிடைக்க வேண்டும்.

ஸ்லைடுக்குள்ள வீடியோ இருக்கு, அதுவும் வருமா?

வராது. அந்த நேரத்தில் திரையில் நின்ற ஒரு படம் மட்டும் வரும். வீடியோவைத் தனியாக இறக்கி, பிடிஎஃபோடு ஒரே ஃபோல்டரில் போட்டு பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

காலேஜ் லாகின் போட்டாதான் ஸ்லைடு திறக்கும். பிடிஎஃப்ல லாகின் பக்கம்தான் வருது.

டெக்டேப் திறப்பது உங்கள் வழக்கமான பிரவுசர் இல்லை, நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பது அதற்குத் தெரியாது. ஸ்லைடு உங்களுடையது என்றால் அதன் ஃபோல்டரை முழுதாக உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கி அங்கிருந்து எடுப்பதுதான் சுத்தமான வழி. அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஸ்லைடு என் கம்ப்யூட்டர்லயே இருக்கு. நேரடியா எடுத்தா வெறும் பக்கம் வருதே?

உள்ளே இருக்கும் விஷயம் மார்க்டவுன் கோப்பாக, அதாவது எளிய குறிகளோடு எழுதிய வெறும் எழுத்துக் கோப்பாக, தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பை நேரடியாகத் திறக்கும்போது பிரவுசர் பாதுகாப்புக்காகப் பக்கத்துக் கோப்பைப் படிக்க விடாது, அதனால் ஸ்லைடின் வெளிச் சட்டகம் மட்டும் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டரில் பைதான் என்ற நிரல்மொழி இருந்தால் அதிலேயே ஒரு குட்டி வெப் சர்வர் வருகிறது, அந்த ஃபோல்டரில் அதை ஓட்டிவிட்டு, 'லோக்கல்ஹோஸ்ட்' 8000 என்ற முகவரியை டெக்டேப்புக்குக் கொடுங்கள். நெட்டே இல்லாமல் முழுதாக வரும்.

லேப் கம்ப்யூட்டர்ல உபுண்டு. சாண்ட்பாக்ஸ் இல்லைன்னு சொல்லி நின்னுருது.

குரோமியம் தன்னைத்தானே ஒரு வேலிக்குள் வைத்துக்கொண்டு ஓடும், அந்த வேலிதான் சாண்ட்பாக்ஸ். புதிய உபுண்டு பதிப்புகளில் அதைப் போட அனுமதி இறுக்கப்பட்டிருப்பதால் கிளம்ப மறுக்கிறது. 'குரோம்-ஆர்க்' விருப்பம் வழியாக 'நோ-சாண்ட்பாக்ஸ்' என்று சொன்னால் ஓடும். ஆனால் வேலியை எடுத்துவிட்டு ஓட்டுகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். நீங்கள் செய்த ஸ்லைடு, உங்களுக்குத் தெரிந்தவர் செய்த ஸ்லைடு, அவ்வளவுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

எல்லாம் வேணாம், 3, 5, அப்புறம் 8லிருந்து 12 வரைக்கும் போதும்.

'ஸ்லைட்ஸ்' விருப்பத்தில் 3,5,8-12 என்று அப்படியே கொடுங்கள். படமாகவும் வேண்டும் என்றால் 'ஸ்க்ரீன்ஷாட்ஸ்' விருப்பம் இருக்கிறது, பிடிஎஃபோடு ஒவ்வொரு ஸ்லைடும் தனிப் படமாகவும் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு ஸ்லைடை அனுப்ப அது வசதி.

பிரிண்ட் போட்டா மேலயும் கீழயும் வெள்ளைப் பட்டை. மையும் தீர்ந்துபோகுது.

டெக்டேப் வழக்கமாக எடுக்கும் அளவு 1280×720, அது அகலத்திரை வடிவம், ஏ4 தாளின் வடிவம் அது இல்லை. தாளுக்கென்றே எடுக்கிறீர்கள் என்றால் 'சைஸ்' விருப்பத்தில் 1024×768 கொடுங்கள் (நடுவில் பெருக்கல் குறிக்குப் பதில் ஆங்கில எக்ஸ்). ஸ்லைடு அதற்கு ஏற்றபடி தன்னை அடுக்கிக்கொள்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கண்டாங்கிச் சேலை பற்றி ஒருவர் செய்த ஸ்லைடில் கட்டங்கள் எல்லாம் ஓரத்தில் வெட்டுப்பட்டு வந்தன, அவருக்குப் பழைய அளவையே வைத்துக்கொண்டு, பிரிண்டரில் ஒரு தாளுக்கு இரண்டு ஸ்லைடு என்று போட்டோம், நன்றாக அமைந்தது.

மை தீர்வதற்குக் காரணம் கறுப்புப் பின்னணி. டெக்டேப் பின்னணி நிறத்தையும் சேர்த்தே எடுக்கும். ரிவீல் ஸ்லைடில் 'தீம்' என்ற நிற அமைப்பை வெள்ளைக்கு மாற்றி, அச்சுக்கென்று தனியாக ஒரு பிரதி எடுங்கள்.

அறுபது எம்பி வந்துருச்சு, மெயில்ல போக மாட்டேங்குது.

போட்டோக்கள்தான் காரணம். மூலத்திலேயே சிறிதாக்குவது முதல் வழி, திரையில் காட்ட 1600 பிக்சல் அகலம் தாராளம். அது முடியாவிட்டால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு கட்டளைக் கருவியில் 'இபுக்' அமைப்பைக் கொடுத்து அதே பிடிஎஃபை மறுபடி எழுதச் சொல்லுங்கள், படங்களை 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) அளவுக்குக் குறைத்துவிடும். அதற்கும் கீழே 'ஸ்க்ரீன்' என்று ஒன்று இருக்கிறது, 72 டிபிஐ. நான் அதைச் சொல்ல மாட்டேன், மரவேலையும் சுதைவேலையும் அதில் கரைந்துபோய்விடும்.

அடுத்தவங்க ஸ்லைடை இப்படி எடுக்கலாமா? தப்பில்லையா?

உங்கள் சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதைப் பிரிண்ட் போட்டு விற்பதும், பெயரை எடுத்துவிட்டு உங்களுடையதாகக் காட்டுவதும் வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். செய்தவரின் மெயில் முகவரி பெரும்பாலும் கடைசி ஸ்லைடில் இருக்கும், கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்டபோதெல்லாம் சந்தோஷமாகக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பேர் மூலக் கோப்பையே அனுப்பினார்கள்.

ஐயா பண்ணின ஸ்லைடு, லிங்க் இப்ப திறக்கவே இல்லை. இனிமே எடுக்க முடியாதா?

ஸ்லைடு செய்த பெரியவரின் பேத்தி வந்து கேட்டாள். நகரத்தார் ஒன்பது கோவில்களைப் பற்றி ஐயா கஷ்டப்பட்டுச் சேர்த்த ஸ்லைடு, அதை ஏற்றி வைத்திருந்த இடம் மூடிவிட்டது. இப்படி ஆனால் முதலில், பழைய வலைப்பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். பிரதி இருந்தால் அந்தப் பிரதியின் முகவரியையே டெக்டேப்புக்குக் கொடுக்கலாம். அந்தத் தளம் மெதுவாகத்தான் திறக்கும், அதனால் லோடு-பாஸ், பாஸ் இரண்டையும் தாராளமாகக் கொடுங்கள்.

அவளுக்கு எழுத்து முழுவதும் கிடைத்தது, படங்களில் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி வரை படம் இருந்தது, அதற்கப்புறம் வெறும் தலைப்புதான். மீதிக் கோவில்களுக்கு அவளே கேமராவை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறாள். இரணியூரும் வேலங்குடியும் முடிந்துவிட்டன, வரும் ஞாயிற்றுக்கிழமை சூரக்குடி.